மூலிகையில் தொடங்கி மரத்தில் முடியும் மணம்

கடைகளில் ஆண்களுக்கென்று தனியே அடுக்கப்படும் வாசனைத் திரவியங்களின் விவரக் குறிப்பில் ‘உடி அரோமாட்டிக்’ என்னும் வகைப்பெயர் அடிக்கடி இடம்பெறுகிறது. மரக்கட்டையின் மணத்தை அடித்தளமாகக் கொண்டு, அதன்மேல் இலை மூலிகைகளின் மணத்தை ஏற்றி அமைக்கப்படும் கலவைகளை இப்பெயர் குறிக்கிறது. லாவெண்டர், ரோஸ்மேரி, சேஜ், துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் முதலிய மூலிகைகள் ஒருபுறமும், சீடார், சந்தனம், வெட்டிவேர், பச்சோலி முதலியவை மறுபுறமும் நிற்க, இரண்டையும் இணைத்து ஒரே மணமாக்குவதே இவ்வகையை உருவாக்கும் கலைஞரின் வேலையாகிறது. வெட்டிவேர் ஒரு புல்லின் வேர் என்பதும் பச்சோலி ஒரு செடியின் இலை என்பதும் உண்மையே. ஆயினும் உலர்ந்ததாகவும் ஆழ்ந்ததாகவும் மெல்ல வெளிப்படுவதாகவும் அமைந்த மணத்தால் நறுமணத் தொழிலில் அவை மரங்களோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன.

இவ்வகையை மதிப்பிடுவதில் உள்ள சிக்கல், இதன் இரு பகுதிகளும் ஒரே நேரத்தில் மூக்கை எட்டுவதில்லை என்பதிலிருந்து எழுகிறது. மூலிகை முதலில் வந்து விரைவாக விலகிவிட, மரம் பின்னால் வந்து மாலைவரை தங்குகிறது. ஆகவே மூடியைத் திறந்த சில நொடிகளில் சொல்லப்படும் தீர்ப்பு மூலிகையைப் பற்றியதாக மட்டுமே இருக்க, வாங்கியவர் நாள் முழுவதும் சுமந்து திரியும் மணமோ முற்றிலும் வேறாக இருக்க நேர்கிறது. ஒரு மணம் மற்றொன்றுக்கு எவ்வாறு இடம்விட்டுச் செல்கிறது என்பதைக் கவனிக்கத் தெரிந்தவருக்கே இவ்வகைத் திரவியத்தின் தரம் புலப்படும்.

விரைவும் நிதானமும்

மணப்பொருள் ஒன்று மூக்கை அடைய வேண்டுமானால் அது முதலில் ஆவியாகிக் காற்றில் கலக்க வேண்டும். அந்த ஆவியாதலின் வேகத்தைப் பெரும்பாலும் மூலக்கூறின் அளவே தீர்மானிக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களிலுள்ள லிமோனீன், லாவெண்டரிலுள்ள லினலூல், ரோஸ்மேரியிலும் நீலகிரித் தைலத்திலும் உள்ள சினியோல் ஆகியவை பத்துக் கரிம அணுக்களைக் கொண்ட சிறிய மூலக்கூறுகள். சந்தனத்தின் சாந்தலோலும் சீடாரின் சீட்ரோலும் பதினைந்து கரிம அணுக்களைக் கொண்டவை. லிமோனீன் 176 பாகை செல்சியசிலும் லினலூல் 198 பாகையிலும் கொதிக்க, சாந்தலோல் கொதிப்பதற்கு ஏறத்தாழ 300 பாகை தேவைப்படுகிறது. உடலின் வெப்பத்தில் இவற்றுள் எதுவும் கொதிப்பதில்லை என்றாலும், எது விரைந்து பறக்கும், எது தோலோடு ஒட்டிக் கிடக்கும் என்பதை இந்த வேறுபாடு தெளிவாகவே காட்டிவிடுகிறது.

இந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே மணங்கள் முதல்நிலை, இடைநிலை, அடிநிலை என மூன்றாகப் பகுக்கப்படுகின்றன. பிரிட்டனைச் சேர்ந்த வேதியியலாளர் வில்லியம் பௌச்சர், ஒவ்வொரு மணப்பொருளும் மறைய எடுத்துக்கொள்ளும் காலத்தைக் கணக்கிட்டு, 1 முதல் 100 வரையிலான எண்களால் அவற்றை வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் சந்தனமும் பச்சோலியும் வெட்டிவேரும் 100 என்னும் உச்ச எண்ணைப் பெற்றன. முதல்நிலை சில நிமிடங்களிலிருந்து அரைமணி வரையிலும், இடைநிலை சில மணி நேரமும், அடிநிலை அதற்கு மேலும் நீடிப்பது பொது வழக்கு. எனினும் மூன்றும் தனித்தனிக் கதவுகளைத் திறந்துகொண்டு வருவதில்லை. தொடக்கத்திலேயே மூன்றும் கலந்திருக்க, உரத்தவை அடங்க அடங்க மற்றவை கேட்கத் தொடங்குகின்றன என்பதே சரியான விளக்கம்.

முடிதிருத்தும் நிலையத்திலிருந்து வெட்டிவேர் வரை

மூலிகை மணம் ஆண்களுக்கு உரியது என்னும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் உறுதிப்பட்டது. ஆங்கில வேதியியலாளர் வில்லியம் ஹென்றி பெர்கின், டோங்கா விதையில் இயற்கையாகக் காணப்படுவதும் காய்ந்த புல்லை நினைவூட்டுவதுமான கூமரின் என்னும் பொருளை 1868இல் ஆய்வகத்தில் தயாரித்தார். பாரிசின் ஊபிகான் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பார்க்கே, 1882இல் அதை லாவெண்டரோடும் ஓக் மரங்களில் படரும் பாசியோடும் சேர்த்து ‘ஃபூஜேர் ரொயால்’ என்னும் திரவியத்தை அமைத்தார். ஆய்வகத்தில் பிறந்த ஒரு பொருளை முதன்மையாகக் கொண்ட தொடக்ககாலத் திரவியங்களுள் ஒன்றாகிய இது, லாவெண்டர் மேலேயும் கூமரினும் பாசியும் கீழேயும் அமையும் ஒரு சட்டகத்தை உருவாக்கித் தந்தது. சவரச் சோப்பு, நுரை, சவரத்திற்குப் பின் பூசும் நீர் ஆகியவற்றிலும் அதே சட்டகம் பின்பற்றப்பட்டதால், முடிதிருத்தும் நிலையத்தின் மணம் ஆணின் மணமாக நிலைபெற்றது.

அந்தச் சட்டகத்தில் மரம் துணைப்பாத்திரமாகவே இருந்தது. அதை முன்னுக்குக் கொண்டுவந்தவற்றுள் வெட்டிவேருக்குத் தனியிடம் உண்டு. கார்வென் நிறுவனம் 1957இலும் ஜிவான்ஷி 1959இலும் வெட்டிவேரின் பெயரிலேயே திரவியங்களை வெளியிட, அதே காலப்பகுதியில் ழான்-போல் கெர்லென் தம் குடும்ப நிறுவனத்திற்காக எலுமிச்சை, புகையிலை, சாதிக்காய் ஆகியவற்றோடு அவ்வேரை இணைத்து உருவாக்கிய திரவியம் இவ்வகையின் அளவுகோலாகவே கருதப்படலாயிற்று. கடலூர் வட்டாரத்து மணற்பாங்கான நிலங்களில் பயிரிடப்படுவதும், மண்பானைத் தண்ணீரிலும் கோடைக்காலத் தட்டிகளிலும் தமிழர் நெடுங்காலமாகப் பயன்படுத்திவருவதுமான அந்த வேரின் மணத்தில் ஈரமண், உலர்ந்த மரம், சிறிதளவு புகை ஆகிய மூன்றும் அடங்கியிருப்பதைத் தமிழ் வாசகர் எளிதில் உணர முடியும். உலகச் சந்தைக்கான வெட்டிவேர் எண்ணெயில் பெரும்பகுதி இன்று ஹைட்டியிலிருந்து செல்கிறது.

1966இல் எட்மோன் ருட்னிட்ஸ்கா டியோர் நிறுவனத்திற்காக உருவாக்கிய ‘ஓ சொவாஜ்’ அடுத்த திருப்பமாக அமைந்தது. எலுமிச்சை, பேசில், ரோஸ்மேரி ஆகியவற்றுக்கும் அடியிலுள்ள வெட்டிவேர், பாசி ஆகியவற்றுக்கும் நடுவே, ஃபிர்மனிஷ் நிறுவன ஆய்வகத்தில் உருவான ஹெடியோன் என்னும் மென்மையான மல்லிகைச் சாயல் கொண்ட பொருளை அவர் நிறுத்தினார். தனக்கென்று உரத்த குரல் இல்லாத அப்பொருள் கலவைக்குள் காற்றோட்டத்தை உண்டாக்கியதால், மேலிருந்த மூலிகைக்கும் கீழிருந்த மரத்திற்கும் இடையிலான இறக்கம் படிப்படியாகவும் ஒளியோடும் நிகழ்ந்தது.

இன்றைய மரம் எங்கிருந்து வருகிறது

புட்டியின் மேலுறையில் சீடார், சந்தனம் என்று அச்சிடப்பட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் மர மணத்தின் பெரும்பகுதி ஆய்வகத்திலிருந்தே வருகிறது. இதற்கான காரணங்கள் பல. சந்தனத்தின் எண்ணெய் மரத்தின் வயிரப்பகுதியிலும் வேரிலும் மட்டுமே சேர்வதாலும், அது போதிய அளவு சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் தேவைப்படுவதாலும், ஜவ்வாது மலை முதலிய தென்னிந்தியக் காடுகளில் அம்மரம் வெட்டியும் கடத்தியும் அருகிப்போனதாலும், இந்தியச் சந்தன எண்ணெய் பெருந்தொழிலுக்கு எட்டாத விலைக்குச் சென்றுவிட்டது. அந்த இடத்தை ஆஸ்திரேலியத் தோட்டங்களில் வளர்க்கப்படும் சந்தனமும், ஜவனோல் போன்ற செயற்கைப் பொருள்களும் நிரப்புகின்றன.

சீடாரின் இடத்தைப் பெருமளவில் எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஃப்ளேவர்ஸ் அண்ட் ஃப்ராக்ரன்சஸ் நிறுவனம் 1970களில் உருவாக்கிய ‘ஐசோ ஈ சூப்பர்’ என்னும் பொருள். பென்சில் சீவும்போது எழும் மரமணத்தை மென்மையாக்கி, அதன் முனைகளை மழுக்கியதுபோன்ற இப்பொருள், தனியாக முகரும்போது மங்கலாகவும் கலவையில் மற்றவற்றை இணைக்கும் பசையாகவும் செயல்படுகிறது. ழான்-க்ளோத் எலெனா எர்மேஸ் நிறுவனத்திற்காக 2006இல் அமைத்த ‘டெர் தெர்மேஸ்’ ஆரஞ்சு, மிளகு, வெட்டிவேர், சாம்பிராணி ஆகியவற்றை இதன்மேல் நிறுத்தியது. அதே ஆண்டில் வெளிவந்த ‘மாலிக்யூல் 01’ என்னும் திரவியத்திலோ மணப்பொருளாக இது ஒன்றே இடம்பெற்றது. 2010இல் ழாக் போல்ஷ் அமைத்த ‘ப்ளூ த ஷனேல்’ போன்ற பிற்கால வெற்றிகளின் வழவழப்பான மர அடித்தளத்திற்கும் இத்தகைய செயற்கைப் பொருள்களே துணைநிற்கின்றன.

அம்ப்ராக்சன் என்னும் பொருளின் பிறப்பு இன்னும் ஆர்வமூட்டுவது. திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் அம்பரின் மணத்தைத் தரும் இப்பொருள், கிளேரி சேஜ் என்னும் மூலிகையிலிருந்து பெறப்படும் ஸ்கிளாரியோலைக் கொண்டு தயாரிக்கப்பட்டு வந்திருக்கிறது. மேல்தளத்தில் மூலிகையாக நிற்கும் செடியே வேதியியலின் வழியாக அடித்தளத்திற்கும் பொருள் தருகிறது என்பதால், இயற்கை, செயற்கை என்று கோடு கிழித்து ஒன்றை உயர்வாகவும் மற்றதைத் தாழ்வாகவும் எண்ணுவது இத்துறையில் பொருந்துவதில்லை. செயற்கைப் பொருள் இருப்பது குறையன்று. அது கலவையில் தன் அளவை மீறி நிற்பதே குறை. மர-அம்பர் வகையைச் சேர்ந்த சில வலிமையான பொருள்கள் அளவு கூடும்போது மூக்கைக் குத்துவதையும், மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டு இரவுவரை ஒரே தொனியில் நிற்பதையும் அனுபவமுள்ளவர்கள் எளிதில் இனங்காண்கிறார்கள்.

தாளும் தோலும்

மதிப்பீட்டைத் தாளில் தொடங்குவதே தொழில்முறை வழக்கம். மணமற்ற உறிஞ்சு தாள் பட்டையில் ஒருமுறை தெளித்து, பெயரையும் நேரத்தையும் அதில் எழுதிவைத்து, சாராயம் பறந்துபோக அரை நிமிடமாவது விட்டுப் பின் முகர வேண்டும். ஏனெனில் திரவியத்தின் பெரும்பகுதி எத்தில் ஆல்கஹால் ஆதலால் முதல் நொடிகளில் மூக்கைத் தாக்குவது அதன் காரமே. ஐந்து நிமிடம், அரைமணி, இரண்டு மணி, ஆறு மணி என இடைவெளி விட்டு அதே தாளை மீண்டும் மீண்டும் முகரும்போது மூலிகை விலகி மரம் வெளிப்படும் போக்கு தெரியவரும். மறுநாள் காலையில் தாளில் எஞ்சியிருப்பது அடிநிலை மட்டுமே என்பதால், மரம் எத்தகையது என்பதை அப்போது கலப்பின்றி அறியலாம்.

தாள் கலவையின் இயல்பைக் காட்டுமேயன்றி, அணிபவரின் உடலில் அது அடையும் மாற்றத்தைக் காட்டாது. தோலின் வெப்பம் ஆவியாதலை விரைவுபடுத்த, தோலிலுள்ள எண்ணெய்ப்பசை அதைத் தாமதப்படுத்துகிறது. வறண்ட தோலில் மணம் விரைவில் அகல்வதற்கு அந்தப் பசை குறைவாக இருப்பதே காரணம். எனவே தாளில் தேறிய ஒன்றிரண்டை மட்டும் கைக்கு ஒன்றாக முழங்கைக்குக் கீழே தெளித்துக்கொண்டு, கடையை விட்டு வெளியேறி, வெயிலிலும் நிழலிலும் நடந்து பார்ப்பது நல்லது. மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்ப்பதால் மூலக்கூறுகள் நசுங்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. ஆனால் அந்தச் சூட்டில் முதல்நிலை விரைந்து பறந்துவிடுவதால், மூலிகைப் பகுதியை மதிப்பிட விரும்புபவர் தேய்க்காமல் இருப்பதே பொருத்தம்.

முகரும் கருவியாகிய மூக்கின் வரம்புகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். மணத்தை உணரும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ஆகிய இருவரும் 1991இல் வெளிப்படுத்தி 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் செயல்படுகின்றன. அவற்றின் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், சில கஸ்தூரிப் பொருள்களையும் ஐசோ ஈ சூப்பர் போன்றவற்றையும் ஒருவர் தெளிவாக உணர, மற்றொருவர் அறவே உணராமல் போகலாம். ஒரே திரவியத்தை ஒருவர் வெறுமையானது என்றும் இன்னொருவர் அளவுக்கு மீறியது என்றும் சொல்லும்போது இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும்.

இதைவிடப் பொதுவான வரம்பு, தொடர்ந்து முகரும் மணத்தை மூளை சில நிமிடங்களில் புறக்கணிக்கத் தொடங்குவதாகும். கடைகளில் இதற்கு மாற்றாக வைக்கப்படும் காப்பிக் கொட்டையால் வெறும் காற்றைவிடக் கூடுதலான பயன் கிடைப்பதில்லை என்பது 2011இல் வெளிவந்த ஆய்வொன்றின் முடிவு. வெளியே சென்று சிறிதுநேரம் நல்ல காற்றைச் சுவாசிப்பதும், ஒரே வேளையில் மூன்று நான்கு திரவியங்களுக்கு மேல் சோதிக்காமல் இருப்பதுமே மூக்கைக் காக்கும் வழிகள்.

எதைக் கொண்டு தரம் காண்பது

முதலில் கவனிக்க வேண்டியது மூலிகையின் உண்மைத்தன்மை. நல்ல கலவையில் லாவெண்டரோ ரோஸ்மேரியோ கையில் கசக்கிய இலையின் பசுமையையும் மெல்லிய கசப்பையும் கொண்டிருக்கும். கற்பூரச் சாயல் மிகுந்தால் அது மருந்துத் தைலமாகவும், டைஹைட்ரோமிர்சினால் என்னும் பொருள் மிகுந்தால் துணி துவைக்கும் சோப்பாகவும் தோன்றிவிடும். ஏனெனில் சோப்புத் தூள்களிலும் அப்பொருள் பரவலாகச் சேர்க்கப்படுகிறது. 1982இல் வெளிவந்த ‘ட்ரக்கார் நுவார்’, 1988இல் வெளிவந்த ‘கூல் வாட்டர்’ ஆகியவை அதே பொருளைத் தாராளமாகப் பயன்படுத்தியும் மதிப்பைப் பெற்றன என்பதால், பொருளைவிட அதைச் சுற்றி அமைந்தவையே முடிவைத் தீர்மானிக்கின்றன எனக் கொள்ளலாம்.

இரண்டாவதும் முதன்மையானதுமான அளவுகோல் கைமாற்றம். அரைமணிக்கும் இரண்டு மணி நேரத்திற்கும் இடைப்பட்ட காலத்தில்தான் கலைஞரின் திறமை சோதிக்கப்படுகிறது. மூலிகை மறைந்து மரம் இன்னும் எழாத ஒரு வெற்றிடம் தோன்றுமானால் நடுப்பகுதி பலவீனமானது என்று பொருள். பசுமையான தொடக்கத்திற்குச் சிறிதும் தொடர்பில்லாத இனிப்பான அடிநிலை திடீரென்று வெளிப்படுமானால், இரண்டு வேறு திரவியங்கள் ஒரே புட்டியில் அடைக்கப்பட்டன என்று பொருள். மூலிகையின் கசப்பு வெட்டிவேரின் கசப்போடும், அதன் உலர்ச்சி சீடாரின் உலர்ச்சியோடும் பொருந்தி, எந்தக் கணத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்று சுட்டிக்காட்ட முடியாதபடி அமைவதே உயர்ந்த அமைப்பு.

மூன்றாவது அளவுகோல் மரத்தின் முகம். உலர்ந்ததா, புகை படிந்ததா, பால்போல் வழவழப்பானதா, மண்ணின் ஈரம் கொண்டதா என்று அதை விவரிக்க முடிந்தால் அதற்கு ஓர் உருவம் இருக்கிறது. ‘மரம் மாதிரி’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாவிட்டால் அது பல புட்டிகளில் பொதுவாகக் காணப்படும் அடித்தளமே. நீடிக்கும் காலமும் பரவும் தூரமும் பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்விகளாயினும், அவை தரத்தின் அடையாளங்கள் அல்ல. கனமான மூலக்கூறுகளை அள்ளிப்போட்டு எந்தத் திரவியத்தையும் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட முடியும். அந்த நேரம் முழுவதும் அது கேட்கத் தகுந்த எதையேனும் சொல்கிறதா என்பதே கேள்வி.

புட்டியின் மேலுள்ள பெயர்களும் விளக்கம் வேண்டுபவை. ஓ த துவாலெட் என்பதில் மணப்பொருள் வழக்கமாக 5 முதல் 15 விழுக்காடும், ஓ த பர்ஃபம் என்பதில் 15 முதல் 20 விழுக்காடும் இருக்கும். ஒரே பெயரில் வரும் இவ்விரு வடிவங்களும் அடர்த்தியில் மட்டுமன்றி அமைப்பிலும் பெரும்பாலும் வேறுபடுகின்றன. அடர்த்தி கூடிய வடிவத்தில் மரமும் இனிப்பும் கூட்டப்பட்டு மூலிகை குறைக்கப்படுவது வழக்கமாதலால், இவ்வகையின் பசுமையை விரும்புபவருக்கு விலை குறைந்த வடிவமே பொருத்தமாக அமைவதுண்டு. பழைய புகழை மட்டும் நம்பி வாங்குவதும் பிழையாகலாம். ஓக் பாசியில் ஒவ்வாமையை உண்டாக்கும் அட்ரனால் முதலிய பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை செய்ததைப் போன்ற காரணங்களால் பல பழைய கலவைகள் மாற்றியமைக்கப்பட்டுள்ளன.

அணியும் முறை

வெப்பமான ஊர்களில் ஆவியாதல் விரைவாக நிகழ்வதால், மூலிகைப் பகுதி சுருங்கி, மரம் முன்னதாகவே உரத்துப் பேசத் தொடங்குகிறது. குளிர்நாட்டுக் குளிர்காலத்தை மனத்தில்கொண்டு அமைக்கப்பட்ட இனிப்பும் கனமும் மிகுந்த கலவை சென்னையின் மே மாதத்தில் மூச்சுமுட்டுவதற்கும், வெட்டிவேரும் எலுமிச்சையும் மிகுந்த கலவை இதமாக இருப்பதற்கும் இதுவே காரணம். குளித்துத் துவட்டிய தோலில் மார்பிலோ கழுத்தின் கீழ்ப்பகுதியிலோ இரண்டு மூன்று தெளிப்புகள் பகல்வேலைக்குப் போதுமானவை. வியர்வை நாற்றத்தை மறைக்கத் திரவியத்தைப் பயன்படுத்தினால் இரண்டும் கலந்து மோசமாகுமே தவிர ஒன்று மற்றொன்றை நீக்காது. பெர்கமாட் போன்ற சில சிட்ரஸ் எண்ணெய்களிலுள்ள பொருள்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலில் கருமையையும் எரிச்சலையும் உண்டாக்கக்கூடியவையாதலால், இன்று அவை நீக்கப்பட்ட எண்ணெய்களே பெரிதும் பயன்பட்டாலும், வெயில் படும் இடங்களைத் தவிர்ப்பது பாதுகாப்பானது.

அணிந்தவரின் மூக்கு தன் மணத்திற்கு விரைவில் பழகிவிடுவதால், மணம் போய்விட்டது என்று எண்ணி மீண்டும் தெளித்துக்கொள்வது இவ்வகையில் மிகப் பரவலான தவறாகும். பேருந்திலும் மின்தூக்கியிலும் குளிர்பதன அறையிலும் அருகில் இருப்பவர்களுக்கு அந்த மணம் குறையாமலே எட்டிக்கொண்டிருக்கும். அதைச் சகித்துக்கொள்வதா விலகிப்போவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. கையெட்டும் தொலைவுக்கு அப்பால் பரவாத அளவே பகல்பொழுதுக்கு உரிய அளவு என்று கொள்வதும், உறுதியாகத் தெரியவேண்டுமானால் வீட்டிலுள்ள ஒருவரைக் கேட்டறிவதும் தக்கவை.

புட்டியை வெளிச்சமும் சூடும் படாத அலமாரியில் வைப்பது அவசியம். காற்றும் ஒளியும் பட்டு லிமோனீனும் லினலூலும் ஆக்சிஜனோடு சேரும்போது முதல்நிலையின் தெளிவு கெடுவதோடு, தோலில் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களும் உருவாகின்றன. மரப்பகுதி இத்தகைய மாற்றத்தை நெடுங்காலம் தாங்கி நிற்பதால், பழைய புட்டியில் மூலிகை போய் மரம் மட்டும் எஞ்சியிருப்பது இயல்பு.

இவ்வளவையும் கடையில் நின்றபடி கண்டறிய முடியாது என்பதால், முழுப் புட்டிக்கு முன் இரண்டு மில்லிலிட்டர் அளவுள்ள சிறு குப்பியை வாங்கி, ஒரு வேலைநாளிலும் ஓர் ஓய்வுநாளிலும், இயன்றால் வெயில் மிகுந்த ஒரு நாளிலும் அணிந்து பார்த்து முடிவெடுப்பதே செலவிலும் அறிவிலும் சிக்கனமான வழி. காலையில் கவர்ந்த மூலிகைக்காக ஒரு திரவியத்தை வாங்குபவர், உண்மையில் விலை கொடுப்பது பிற்பகல் நான்கு மணிக்கு அவரிடம் எஞ்சியிருக்கும் மரத்திற்கே. அந்த நேரத்து மணம் பிடித்திருக்கிறதா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு வாங்குவதற்கு நிறுவனத்தின் பெயரோ விளம்பரமோ தேவைப்படுவதில்லை.